பழைய பங்களாத் தோட்டத்தில் பூங்காவுக்கு ஒரு நிதி விருந்து: முழுமையான வழிகாட்டி

சென்னையில் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு பக்கம் தப்பிப் பிழைத்த தோட்ட வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாலை நூறு பேரைக் கூட்டி, டிபன் காபி கொடுத்து, வார்டுப் பூங்காவுக்குப் பணம் திரட்டுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். நூறு, நூற்றிருபது பேர் என்ற அளவை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் அது கல்யாணக் கூட்டம். பழைய வீடு தாங்காது.

புதிதாக இறங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வீட்டைப் பிடிப்பதில் தொடங்குகிறார்கள். வீடு கிடைத்த உற்சாகத்தில் தேதி வைத்து, அழைப்பிதழ் அடித்து, பணமும் வாங்கிவிட்டு, கடைசியில்தான் மாநகராட்சியிடம் போகிறார்கள். அங்கே கோப்பு நகர்வதற்குள், கொடுத்தவர்கள் “பூங்காவில் ஒன்றும் நடக்கவில்லையே” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கீழே உள்ள வரிசை இதைத் தவிர்ப்பதற்காகத்தான். பிப்ரவரியில் விருந்து என்றால் ஆகஸ்டில் வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில் மண்டல அலுவலகம், பிறகுதான் பங்களா

பூங்கா மாநகராட்சியின் சொத்து. உங்கள் காசில் ஒரு பெஞ்ச் வாங்கி நீங்களாகப் போட்டுவிட முடியாது. மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பொறியாளரைப் பூங்காவுக்கே வரவழையுங்கள். அவரோடு ஒரு சுற்று நடந்து, என்ன வேலை தேவை என்று பட்டியல் போடுங்கள்: ஆழ்துளைக் கிணற்று மோட்டார், சொட்டுநீர்க் குழாய், நடைபாதை, விளக்கு, பெஞ்ச். ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மதிப்பீட்டுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. “பூங்கா மேம்பாட்டு நிதி” என்று பொதுவாகக் கேட்டால் ஐந்நூறு ரூபாய் நீட்டுவார்கள். “ஒரு கல் பெஞ்சுக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு” என்று கேட்டால், “பெஞ்ச் என்னுடையது” என்று ஒருவர் கை தூக்குவார். பெஞ்சில் கொடையாளர் பெயர் பொறிக்கலாமா என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பெயர் பொறிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிய பிறகு அனுமதி மறுக்கப்பட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

நமக்கு நாமே திட்டத்தைப் பற்றியும் அதே அலுவலகத்தில் விசாரியுங்கள். பூங்கா வேலைகள் அதில் வரும். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு; மிச்சத்தை அரசு போடும். 3 லட்சம் திரட்டினால் 9 லட்ச ரூபாய் வேலையாக மாறக்கூடும். ஆனால் எல்லா விண்ணப்பமும் நிறைவேறிவிடாது. நிதி ஒதுக்கீடும் ஒப்புதலும் வேண்டும் என்பதால், அதை நம்பி மேடையில் வாக்குக் கொடுக்கவேண்டாம்.

வார்டு கவுன்சிலரை விட்டுவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்சி வாடை வேண்டாம் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் கோப்பு நின்றால் அதைத் தள்ளக்கூடியவர் அவர்தான். விஷயத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். மேடையில் ஏற்றுவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்று, பருவம். பிப்ரவரியில் திரட்டிய பணத்தில் மார்ச்சில் மரக்கன்று நட்டால் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டாது. அதனால் தண்ணீர் வசதி, பாதை, பெஞ்ச் ஆகியவற்றைக் கோடையில் முடியுங்கள். கன்றுகளுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், செப்டம்பர் கடைசியில் நடுங்கள். புங்கை, மகிழம், புன்னை, பூவரசு, நாவல் என்று கேளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களில் குல்மோகரும் பெருங்கொன்றையும் எத்தனை என்று பார்த்தவர்கள் மறுபடி அவற்றை நடச்சொல்ல மாட்டார்கள்.

2. பணம் யார் கணக்கில் விழும்?

செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. நாணயமான மனிதராகவே இருப்பார். ஆனாலும் அவருடைய வருமான வரிக் கணக்கில் அது வந்து நிற்கும். தெருவில் பேச்சும் கிளம்பும். பதிவு செய்த குடியிருப்போர் நலச் சங்கத்தின் வங்கிக் கணக்கு, அதற்கென ஒரு க்யூஆர் அட்டை, இரண்டு பேர் கையெழுத்து. இவை இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

பெரிய தொகை கொடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “80ஜி உண்டா?” நன்கொடைக்கு வருமான வரி விலக்குத் தரும் அந்தப் பதிவு சங்கங்கள் பலவற்றுக்கு இருக்காது. இருக்கிற ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்தினால் பணம் அதன் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். அறக்கட்டளையின் நோக்கங்களில் இந்த வேலை அடங்குகிறதா என்று அதன் ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு இல்லை என்பதையும், புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது என்பதையும் ரசீது மேசையில் இருப்பவர் தெரிந்து வைத்திருக்கவேண்டும். சாப்பாட்டுக்கான கட்டணத்தையும் நன்கொடையையும் ஒரே ரசீதில் கலக்காதீர்கள். விருந்துக்குக் கொடுத்தது நன்கொடை ஆகாது.

டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை சென்னையில் அமெரிக்கா, சிங்கப்பூர் உறவினர்கள் நிறைந்திருப்பார்கள். தாராளமாகவும் கொடுப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பதில் தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுக் கொடையாளர். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் அவரிடம் வாங்கக்கூடாது. “நம்ம பெரியம்மா பையன்தானே” என்பது சட்டத்துக்குத் தெரியாது. ரசீதுப் புத்தகத்தில் குடியுரிமைக்கு ஒரு கட்டம் அச்சிட்டுவிட்டால் கேட்கும் சங்கடம் இருக்காது.

3. வீட்டைக் கேட்பது

பழைய வீட்டுக்கு உரிமையாளர் பெரும்பாலும் ஒருவராக இருக்கமாட்டார். அண்ணன் தம்பிகள், ஒரு அத்தை, டொரோன்டோவில் ஒரு மகள் என்று பங்கு பிரிந்து கிடக்கும். இங்கே குடியிருப்பவர் சரி என்று சொன்னது போதாது. பங்குதாரர்கள் எல்லோருடைய சம்மதமும், குறைந்தது மின்னஞ்சலிலாவது, வேண்டும். அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதும், “என்னை யார் கேட்டது?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை ஆகஸ்டிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சம்மதக் கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்த அறைகள் திறக்கும், எத்தனை மணிக்கு எல்லோரும் வெளியேறுவார்கள், எதுவும் உடைந்தால் யார் பொறுப்பு, புகைப்படம் எடுத்து வெளியிடலாமா.

அடுத்து, வீட்டை நன்றாகத் தெரிந்த ஒரு கொத்தனாரையோ பொறியாளரையோ அழைத்துச் சென்று பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரை தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரமோ கரையானோ ஏறியிருந்தால் வெளியே தெரியாது. ஆகவே மொட்டை மாடிக்கு யாரும் போகவேண்டாம். “மேலிருந்து தோட்டத்தை ஒரு போட்டோ” என்று இருபது பேர் ஏறுவார்கள். மாடிக் கதவைப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் ஆணி, செல்லோ டேப் இரண்டும் கூடாது. டேப்பை உரித்தால் அடையாய்ப் பூச்சு வந்துவிடும். பந்தல்காரர்கள் தாழ்வாரத் தூணில் கயிற்றைக் கட்டி இழுப்பதைப் பழக்கமாக வைத்திருப்பார்கள். தூணின் விளிம்பு பொரிந்துபோகும். தூணைத் தொடாமல், மணல் நிரப்பிய தகரத்தில் கம்பம் நிறுத்தவேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

4. தேதியும் நேரமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மார்கழியில் சபாக்கள் எல்லோரையும் இழுத்துக்கொள்ளும். ஏப்ரலில் தோட்டத்தில் உட்கார முடியாது. பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசிவரை கிடைக்கும் ஐந்தாறு வாரங்கள்தான் உங்கள் கையில் இருப்பவை. தை மாதம் முகூர்த்த நாட்கள் அதிகம் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகத் தேர்ந்தெடுங்கள். விருந்தினர்கள் மட்டுமல்ல, சமையல்காரரும் பந்தல்காரரும்கூட அன்றுதான் உருப்படியான விலைக்குக் கிடைப்பார்கள்.

மாலை 4:30 முதல் 7 மணி வரை. அந்த நாட்களில் ஆறேகால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மக்கள் பார்க்கவேண்டியது எல்லாம், நீங்கள் கேட்கவேண்டியது எல்லாம் அதற்கு முன் முடிந்துவிடவேண்டும்.

5. அனுமதிகள்

உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் இடம் எழுதிக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒலிபெருக்கி வைத்தால் எழுத்து அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபல். பேச்சுக் குரலே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே மைக்கே வேண்டாம் என்பது என் கருத்து. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு வீணை, ஒரு மிருதங்கம், எதிரே நூறு பேர். அது போதும். சினிமாப் பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டால் அதற்கு வேறு உரிமம் வாங்கவேண்டிவரும்.

கச்சேரிக்கு டிக்கெட் என்று அச்சிட்டால் கேளிக்கை வரிக் கேள்வி எழும். அழைப்பிதழ் வாசகத்தை அச்சுக்குப் போகுமுன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

மது வேண்டாம். உரிமத் தொல்லை ஒரு பக்கம். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம்.

6. பணம் எங்கிருந்து வரும்

நுழைவுக் கட்டணத்தில் லாபம் பார்க்க நினைப்பது வீண். சமையல், பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் செலவுக்கு அது சரியாகப் போய்விடும். தெருக்கோடி மருந்துக் கடை, நகைக்கடை, பக்கத்துப் பள்ளி என்று இரண்டு மூன்று பேரை ஆளுக்கொரு செலவை ஏற்கச் செய்தால் கட்டணமும் மிச்சமாகும். உண்மையான பணம் இரண்டு வழியில் வரும்: மதிப்பீட்டுப் பட்டியலில் இருக்கும் பொருளை ஒருவர் ஏற்றுக்கொள்வது, செடி விற்பனை.

செடி விற்பனையைப் பலர் நர்சரியில் வாங்கி விற்று முடித்துவிடுகிறார்கள். அதில் மிஞ்சுவது சொற்பம். அந்தப் பங்களாவிலேயே இருக்கும் அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ ஆகியவற்றிலிருந்து அக்டோபர் மழையில் பதியன் போட்டுவிடுங்கள். பிப்ரவரிக்குள் துளிர்த்து நிற்கும். “இந்த வீட்டுச் செடி” என்று ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் நர்சரி விலையைப் போல நாலு மடங்கு கொடுத்து வாங்கிப்போவார்கள். இதற்காகத்தான் வீட்டுக்காரரின் சம்மதம் செப்டம்பருக்குள் வரவேண்டும். பழைய எண்ணெய் டின், உடைந்த மண்சட்டி எதில் வேண்டுமானாலும் வளர்க்கலாம்.

அதிர்ஷ்டக் குலுக்கலுக்குக் காசு வாங்கவேண்டாம். வெளிநாட்டு விருந்துகளைப் பார்த்துவிட்டு ஒருவராவது இதைச் சொல்வார். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கிறது. காசுக்குச் சீட்டு விற்றுப் பரிசு கொடுப்பது உங்களை அந்த வம்பில்தான் கொண்டுபோய் விடும்.

7. தோட்டத்தைத் தயார் செய்தல்

தென்னை மரம் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். விருந்துக்கு மூன்று நாள் முன்பு ஆளேற்றிக் காய், நெற்று, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் இறக்கிவிடவேண்டும். அப்படியும் தென்னைக்கு நேர்கீழே நாற்காலி போடவேண்டாம். மாமரத்தில் குளவிக் கூடு இருக்கிறதா என்று அதே ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிணற்றைப் பலகை போட்டு மூடி, சுற்றிலும் கயிறு கட்டுங்கள். குழந்தைகள் எட்டிப் பார்க்காத கிணறு இல்லை.

புல்தரைக்கு இரண்டு நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்துங்கள். பசேலென்று இருக்கட்டும் என்று தோட்டக்காரர் அன்று காலைகூட ஊற்றுவார். மண் இளகி, பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒரு பக்கம் இறங்கும்; வயதானவர் சாய்வார். பெரியவர்களுக்கு நாற்காலியைத் தளம் போட்ட பாதையின் ஓரமாகவே போடுங்கள்.

கொசு. இதைக் குறைத்து மதிப்பிட்டால் ஆறரை மணிக்குத் தோட்டம் காலியாகிவிடும். ஒரு வாரம் முன்பே தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் சொல்லி முந்தின நாள் புகை அடிக்கச் செய்யலாம். அன்றைக்கு உண்மையில் உதவுவது நிற்கும் மின்விசிறிதான். காற்றில் கொசு நிற்காது. ஆறு விசிறியாவது வாடகைக்கு எடுங்கள்.

அந்த விசிறிகளை வீட்டு ப்ளக்கில் செருகக்கூடாது. பழைய வீட்டு வயரிங் நூறு பேர் விருந்துக்குப் போட்டதில்லை. சத்தமில்லாத ஜெனரேட்டர் ஒன்றைத் தனியே எடுத்து, கேபிளை மதில் ஓரமாகக் கொண்டுவாருங்கள். புல்தரைக்குக் குறுக்கே போட்டால் யாராவது இடறுவார்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கடைசி வாரம்வரை யாரும் யோசிப்பதில்லை. நூறு பேர் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றால் பழைய குழாய் அடைத்துக்கொள்ளும். வாடகைக்கு இரண்டு நடமாடும் கழிப்பறைகளைப் பின்பக்கம் நிறுத்தி, போகும் வழியில் விளக்குப் போடுங்கள். வீட்டுக்குள் இருப்பதை முதியவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

8. டிபன்

கேசரி, மெது வடை அல்லது போண்டா, ஒரு சேவை வகை, பில்டர் காபி. இதற்கு மேல் ஏற்றாதீர்கள். இலை போட்டுச் சாப்பாடு என்றால் பந்தி பந்தியாய் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் யாரிடமும் பேச முடியாது. கையில் தட்டோடு நிற்கக்கூடிய பண்டமாக இருக்கவேண்டும்.

அடுப்பு பின்கட்டில், திறந்தவெளியில், மரத்துக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் தள்ளி இருக்கட்டும். எண்ணெய்ப் புகை சுவரில் படிந்தால் போகாது. வணிக சிலிண்டர்தான் பயன்படுத்துகிறார்களா, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று சமையல்காரரிடம் கேளுங்கள். மணல் வாளியும் தீயணைப்பானும் அடுப்புக்கு ஐந்தடி தூரத்தில் இருக்கவேண்டும். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை மரத்தடியில் கொட்டாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள். சொல்லிவிட்டுப் போனால் கொட்டிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்கு மட்டைத் தட்டு, காபிக்கு எவர்சில்வர் டம்ளர் டபரா. டம்ளர் கழுவ இரண்டு பேர் கூடுதலாகத் தேவைப்படும். செய்யுங்கள், குப்பையும் இருக்காது.

9. மாலையின் வரிசை

4:30க்குக் கதவு திறந்ததும் பெயரைச் சரிபார்த்து, பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாக வீட்டுக்குள் அனுப்புங்கள். முன்னே ஒருவர் விளக்கிக்கொண்டு போக, பின்னே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு வரவேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். சிவப்பு ஆக்சைடு தரையைக் கெடுப்பது செருப்பில் ஒட்டிவரும் மணல்தான். எண் போட்ட டோக்கன் கொடுத்தால் திரும்பும்போது செருப்புத் தேடும் கூட்டம் இருக்காது. பூஜை அறையும் படுக்கை அறையும் பூட்டியிருக்கவேண்டும். “உள்ளே வராதீர்கள்” என்ற அட்டைக்கு மதிப்பில்லை.

5:15க்கு டிபன். 5:40க்கு ஒரே ஒருவர் ஐந்து நிமிடம் பேசவேண்டும். பூங்காவின் இன்றைய நிலை, மதிப்பீட்டுப் பட்டியல், ஒவ்வொன்றின் விலை. தாழ்வாரத்துப் படியில் நின்று பேசினால் குரல் கேட்கும். பட்டியலைப் பெரிதாக அச்சிட்டுப் பின்னால் நிறுத்தி வையுங்கள். பேசி முடித்ததும், இன்னதை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கான உறுதிச் சீட்டைத் தொண்டர்கள் ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மேசையில் வைத்தால் யாரும் வந்து எடுப்பதில்லை. ஒரு பொருளை ஒருவர் ஏற்றதும் பட்டியலில் சிவப்புப் பொட்டு வையுங்கள். இரண்டாவது பொட்டுக்குப் பிறகு மற்றவை வேகமாக நகரும். முதல் பொட்டுக்கு உரியவரிடம் முந்தின வாரமே பேசி வைத்திருங்கள்.

காபி இதற்குப் பிறகுதான். காபி குடித்தவர் மனதளவில் வண்டிச்சாவியைத் தேடத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். முன்னமே காபி கொடுத்துவிட்டுக் காலி நாற்காலிகளிடம் பணம் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 6:10க்குக் காபியும் வீணையும், வெளியேறும் வழியில் செடி விற்பனை. செடி மேசையை நுழைவாயிலில் வைத்தால் வாங்கியதைத் தூக்கிக்கொண்டே சுற்ற முடியாமல் “போகும்போது வாங்கிக்கிறேன்” என்பார்கள்; மறந்துவிடுவார்கள்.

10. மறுநாளும் அடுத்த மாதங்களும்

பந்தல் அன்றிரவே இறங்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். புல்லில் விழுந்த கம்பி, கயிறு, ஆணி எல்லாம் பகலில்தான் தெரியும். வீட்டுக்காரரோடு ஒவ்வொரு அறையாக நடந்து, எதுவும் சேதமில்லை என்றோ இன்னது சேதம் என்றோ எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

உறுதிச் சீட்டுகளை இரண்டு வாரத்துக்குள் பணமாக்குங்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடவேண்டும். வாட்ஸ்அப் நினைவூட்டல் வேலைக்கு ஆகாது. வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, ரசீது எண்களோடு வந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். மாநகராட்சிக்குச் செலுத்தும் தொகையை வரைவோலையாகச் செலுத்தி, ஒப்புகையின் நகலைப் பூங்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

வேலை தொடங்கியதும் மதிப்பீட்டுத் தாளோடு பூங்காவுக்குப் போங்கள். நாலடி பெஞ்ச் என்று எழுதியிருந்தால் டேப் வைத்து அளந்து பாருங்கள். சொட்டுநீர்க் குழாயில் கடைசிச் செடிவரை தண்ணீர் போகிறதா என்று மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். இந்த இரண்டையும் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை போகுமுன் செய்யவேண்டும்.